டெல்லியிலிருந்து வளைந்து போன விமானம்

பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ் திறப்பு விழா. பெயின்டர் இசக்கி சுவரில் வரைந்திருந்த உலக வரைபடத்தைப் பார்த்ததும், முதலாளி சங்கரபாண்டியன் விருந்தாளிகள் முன்னாலேயே கத்தினார்.

"ஏலே இசக்கி! டெல்லியிலேருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எதுக்குல வில்லு மாதிரி கோடு? தூரம் கூடிப்போகாதா? நாப்பது நாடு பறந்தவன் நான். நேர்கோடா மாத்து. இல்லைன்னா இந்த ஊர்ல இனி உனக்கு ஒரு சுவரும் கிடைக்காது!"

விமானமே ஏறாத இசக்கி பதறவில்லை. மேசையில் இருந்த உலக உருண்டையையும் ஒரு துண்டு நூலையும் எடுத்து நீட்டினான்.

"எது குறுக்குவழின்னு நீங்களே இழுத்துப் பாருங்க முதலாளி."

முதலாளி இரண்டு ஊரிலும் விரலை வைத்து நூலை இறுக்கினார். நூல் வழுக்கி மேலே ஏறி, வடதுருவத்துப் பக்கமாய்ப் போய் நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடியும் அங்கேதான் போனது. யாரோ சிரித்தார்கள்.

"உருண்டை கிடக்கட்டும்ல! என் சுவத்துல எனக்கு நேர்கோடுதான் வேணும்!"

இசக்கி பிரஷ்ஷைப் பெயின்டில் நனைத்துக்கொண்டு பணிவாய் நின்றான்.

"போட்டுருதேன் முதலாளி. முதல்ல உலகத்தைக் கொஞ்சம் தட்டித் தட்டையாக்கிக் குடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல் முதலாளியும் சிரித்துவைத்தார். கோட்டின்மேல் யாரும் கை வைக்கவில்லை.