சாந்தமான அடுப்பு

சிவநேசருக்குக் கோபமே வராது என்று மடத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவர்தான் மடத்துச் சமையல் பொறுப்பு. எங்கள் குருவம்மா பர்வதத்தின் சீடர், ஆனால் அவரைவிட வயதில் மூத்தவர். அடுப்பில்கூடச் சினம் கூடாது, தீ தணிந்தே எரிய வேண்டும் என்பது அவர் விரதம். அந்த அடுப்பைக் கும்பிடவே ஆட்கள் வருவார்கள். என்னத்தைச் சொல்ல!

அன்னதானத்துக்கு யாரோ ஒரு மூட்டை ராஜ்மாப் பயறு கொடுத்தார்கள். அதையும் அதே தீயில் வைத்தார். சாப்பிட்டவர்கள் பொழுது சாய்வதற்குள் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். குயிலி என்கிற சின்னப் பெண் உடம்பில் நீர் வற்றி மயங்கிவிட்டாள், ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

மறுநாள் காலை சிவநேசர் குருவிடம் வந்து பொரிந்து தள்ளினார்.

"பயறுக்குள்ள விஷத்தை வச்சது யாரும்மா? திங்கிற பொருள்ல இப்படி ஒரு துரோகமா?"

குருவம்மா துறவுக்கு முன் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். அவர் முகம் சிவந்திருந்தது.

"அடுப்படிக்கு வாங்க."

அங்கே இரண்டு பானைகளில் தண்ணீர் இருந்தது. ஒன்று சிவநேசருடைய தணிந்த தீயில். இன்னொன்று தளதளவென்று கொதித்தது. குருவம்மா அவர் உள்ளங்கையில் ஒரு கற்கண்டை வைத்தார்.

"இறுக்கிப் பிடிங்க. விடக் கூடாது."

பிடித்தார். குருவம்மா இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"பயறுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. லெக்டின். அதுக்கு இப்போ உங்க கை இருக்கிற மாதிரி ஒரு குழி. தனக்கு ஏத்த சர்க்கரை அதுல அப்படியே பொருந்தும். நம்ம குடல் சுவர் முழுக்க அந்தச் சர்க்கரை இருக்கு. போய்ப் பிடிச்சா விடாது."

"எதுக்கும்மா அப்படி?"

"விதையைத் திங்க வர்ற பூச்சிக்காக. அதோட குடலைப் பிடிக்கும். அப்புறம் அது அந்தப் பக்கம் வராது."

சொல்லிக்கொண்டே சிவநேசரின் மூடிய கையைத் தணிந்த தீயிலிருந்த பானையின் ஆவியில் காட்டினார். வெதுவெதுப்பாக இருந்தது. கை திறக்கவில்லை.

அடுத்த பானைக்கு இழுத்தார்.

"ஐயோ, சுடுதும்மா!"

விரல்கள் தாமாக விரிந்தன. கற்கண்டு கீழே விழுந்தது.

"கொதிச்சாத்தான் அந்தப் பிடி கலையும். வடிவம் போனா வேலையும் போச்சு. நேத்து இறக்கும்போது ஒண்ணை வாயில போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

சிவநேசர் சிவந்த விரல்களைத் தடவிக்கொண்டார். "நடுவுல கொஞ்சம் நறுக்குனு இருந்துச்சு."

"தீயைக் கூட்டுறதுக்கு என்ன கேடு?"

"கும்பிட வந்தவங்க பாத்துக்கிட்டு நின்னாங்கம்மா. அவங்க முன்னாடி எப்படி..."

குருவம்மா கரண்டியைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் பட்டு உருண்டது.

சிவநேசர் கைகூப்பினார். அப்போதும் அந்த மனுஷன் கேட்டார்: "அப்போ பயறு மேல தப்பே இல்லைன்னு சொல்றீங்களா?"

"அது தன் பிள்ளையைக் காப்பாத்துச்சு. நீங்க உங்க பேரைக் காப்பாத்திக்கிட்டீங்க."