சுவரில் ஏறிய பாட்டன்மார்

முன்னொரு காலத்தில் என்றுதான் நானும் தொடங்க வேண்டும். இந்தக் காலத்து ராஜாவைப் பற்றிச் சொன்னால் என் முதுகு தாங்காது.

அப்போது வீரகேசரி என்றொரு ராஜா புது மாளிகை கட்டினார். தேக்குத் தூண், பளிங்குத் தரை, எல்லாம் பிரமாதம். சுவர்கள் மட்டும் மொட்டையாக நின்றன. பௌர்ணமியன்று பக்கத்து நாட்டு மன்னர் விருந்துக்கு வருகிறார். அவருடைய மண்டபம் முழுக்க முன்னோர் ஓவியங்கள். நம் ராஜாவின் பாட்டனோ ஆற்றில் ஓடம் தள்ளியவர். பெருவெள்ளத்தில் சனங்களைக் கரை சேர்த்ததால் அவரையே தலைவராக்கினார்கள். இதைவிடப் பெருமை வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்? ராஜாவுக்குத்தான் அதைச் சொல்ல நாக்கூசியது.

அரண்மனை அலங்கார அதிகாரி சபேசர் கைகட்டி நின்றார். "பிரபு, இடிந்த பாளையங்களில் பழைய ஓவியங்கள் ஏராளம். நல்லதாகத் தேர்ந்தெடுத்து மாட்டினால் அதிலிருப்பவர்களே தங்கள் முன்னோர்."

வண்டி வண்டியாக ஓவியங்கள் வந்து இறங்கின. ராஜா சபையிலேயே பொறுக்க ஆரம்பித்தார்.

"இவர் மீசை கம்பீரமாக இருக்கிறது. பாட்டனாக இருக்கட்டும். இவருக்கு மாறுகண், வேண்டாம். அந்த வைர அட்டிகைக்காரர் கொள்ளுப்பாட்டன்."

சபையில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் விகடகவி வில்லியப்பன். அவனை ஒழிக்கச் சமயம் பார்த்திருந்த சபேசர் விடுவாரா?

"பிரபு, சிரித்தவரே மாட்டட்டும். முன்னோர் படம் ஏற்றும் முறைகளில் ஒன்று குறைந்தாலும் நாடு கடத்திவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா கோபமாக. "என் பாட்டன்மாருக்கு எந்தக் குறையும் வரக்கூடாது."

"ஒரு முறையும் விடமாட்டேன், பிரபு" என்று வில்லியப்பன் தலைநிமிர்ந்து சொன்னான்.

பௌர்ணமியன்று காலை ராஜா மாளிகைக்குள் நுழைந்தார். ஓவியங்களுக்கு மாலை, சந்தனம், குங்குமம், ஊதுவத்தி. கீழே வரிசையாக வாழை இலைகள். இலை ஒவ்வொன்றின் முன்னும் முன்பின் தெரியாத மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யார் இவர்கள்?"

"தங்கள் பங்காளிகள், பிரபு. பாட்டன் படம் ஏற்றினால் படையல் போட வேண்டும். படையலுக்குப் பங்காளிகளை அழைக்காமல் இருக்கலாமா? படங்கள் வந்த ஊர்களிலெல்லாம் தண்டோரா போட்டு, படத்திலிருப்பவர்களின் பேரன்மாரை வரவழைத்தேன்."

மீசைக்காரர் படத்தடியிலிருந்து ஒருவர் எழுந்தார். மருதங்கோட்டை ஆனையப்பன். படத்திலிருந்த அதே மீசை, நரைத்துப்போய் அவர் முகத்திலும் இருந்தது.

"இவரு எங்க தாத்தாங்க. அதிகாரி அய்யாதான் படத்தைத் தூக்கிட்டு வந்துட்டாரு. உங்களுக்கும் இவருதான் தாத்தான்னு தண்டோராக்காரன் சொன்னான். ரொம்ப சந்தோசம் தம்பி!" என்று ராஜாவின் தோளில் கை போட்டார். "ஆமா, பாட்டன் சொத்தை எப்பப் பாகம் பிரிக்கலாம்?"

"எங்களுக்கு மேற்குக் கோட்டை போதும்" என்றது இன்னொரு குரல்.

"ஆத்தங்கரை நஞ்சை எனக்கு!"

"பிரபு, இது சதி!" என்று சபேசர் அலறினார்.

"சதியா? முறை!" என்றான் வில்லியப்பன். "இவர்கள் பங்காளிகள் இல்லையென்றால் படத்திலிருப்பவர்கள் தங்கள் பாட்டன்மாரும் இல்லை. அதை நான் சொல்வதா, தாங்கள் சொல்கிறீர்களா பிரபு?"

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "இவர்கள் என் பாட்டன்மார் இல்லை" என்றார் மெல்ல.

வில்லியப்பன் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பலகை ஓவியத்தை எடுத்து வந்தான். பழைய அரண்மனைச் சாமான் அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த படம். யாரோ திருவிழா ஓவியன் தீட்டியது. கோவணம், முழங்கால் வரை சேறு, கையில் துடுப்பு, இடப்பக்கம் கொஞ்சம் கோணிய மூக்கு. ராஜாவின் கை தானாகத் தன் மூக்கைத் தொட்டது.

"இதை மாட்டு" என்றார். "நடுச்சுவரில்."

படையலுக்கு வந்தவர்கள் வயிறார உண்டார்கள். அவரவர் தாத்தாவை அவரவர் வீட்டுக்கே தலையில் சுமந்து போய்ச் சேர்க்கும் வேலை சபேசருக்குக் கிடைத்தது.

மாலை விருந்தில் பக்கத்து நாட்டு மன்னர் சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். "யார் இது?"

ராஜா நெஞ்சை நிமிர்த்தினார். "என் பாட்டன். ஓடம் தள்ளியவர். இவர் கைபிடித்துக் கரையேறிய சனங்கள்தான் இந்த நாடு."

"எங்கள் மண்டபத்தில் சுவரே தெரியாத அளவுக்கு முன்னோர் உண்டு" என்றார் விருந்தாளி.

வில்லியப்பன் பணிவாக வணங்கினான். "கேட்கவே பெருமையாக இருக்கிறது, மன்னவா. அத்தனை பேருடைய பங்காளிகளையும் கூட்டி ஒரு படையல் போட்டுவிடலாமா? எங்கள் தண்டோராக்காரன் வாசலில்தான் நிற்கிறான்."

மன்னரின் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. "அதற்கென்ன இப்போது அவசரம்?" என்று இலையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

வீரகேசரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வில்லியப்பனுக்குப் போட்டார். அந்தச் சிரிப்பில் புது மாளிகையே அதிர்ந்தது. சுவரிலிருந்த ஓடக்காரர் மட்டும் ஆடவே இல்லை.