கட்டம் கட்டமாக வந்த மயில்

பறவையும் மிருகமும் மனுஷரோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மாடத்தி என்றொரு தறிக்காரி இருந்தாள். கைவேலையில் சுறுசுறுப்பு, கோபத்தில் அதைவிடச் சுறுசுறுப்பு. அவள் நெய்கிற சீலையில் ஒரு கோடு இருக்கும், பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கும். அவ்வளவுதான். துணியில் உருவம் கொண்டுவரலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவே இல்லை.

ஒருநாள் காலையில் ஓர் ஆண்மயில் ஓடிவந்து தறிக்கு முன்னால் நின்றது.

"மாடத்தியக்கா, நீதான் என் மானத்தைக் காப்பாத்தணும்! என் பெண்டாட்டி அடைகாக்கிறா. குஞ்சு வெளியே வர இன்னும் பத்து நாளாகும். அதுக்குள்ள என் தோகை மொத்தமும் உதிர்ந்திடும். இன்னைக்கே மூணு இறகு போச்சு. பிள்ளைங்க முதல்முதலா பார்க்கும்போது அப்பன் மொட்டையா நிக்கணுமா? என் உருவத்தைத் துணியில நெய்து கொடு அக்கா."

"அட போய்யா, எனக்குக் கோடுதானே தெரியும்!" என்றாள் மாடத்தி. மயில் அழுதுவிட்டது. அவளுக்கு மனசு இளகிப்போனது. "சரி சரி, அழாதே. ஆடாம அசையாம நில்லு" என்று நூலை எடுத்தாள்.

மயிலைப் பார்த்துப் பார்த்து நெய்தாள். சாயங்காலம் எட்டிப் பார்த்த மயில், "இது நானா? கத்தரிக்காய்க்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கே!" என்றது. பிரித்துவிட்டு மறுநாள் நெய்தாள். பூசணிக்காய் வந்தது. மயிலாவது ஒழுங்காக நின்றதா? கழுத்தைத் திருப்பி இறகு கோதும், வெட்டுக்கிளி கண்டால் பாயும். இறகுகளோ விழுந்துகொண்டே இருந்தன.

நாலாம் நாள் கழுத்தில் பாதி நெய்திருந்தபோது மயில் மறுபடியும் வெட்டுக்கிளியைத் துரத்தியது. மாடத்திக்குப் பொறுமை போயிற்று. கொடியில் காய்ந்த புருஷனின் மீன்வலையை உருவி, மயில்மேல் ஒரே வீச்சாக வீசிவிட்டாள்.

"ஐயோ, கொல்றாளே!" என்று அலறியது மயில். திட்டுவதற்கென்று கிட்டே போனவள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள்.

மயிலின் உடம்பு முழுவதும் வலை சதுரம் சதுரமாகப் படிந்திருந்தது. ஒரு சதுரத்துக்குள் நீலம் மட்டும். அடுத்ததில் பச்சை. அதற்கும் அடுத்ததில் பச்சை முக்கால், பொன் கால்.

"அடடே! முழு மயிலையும் ஒரேயடியா பார்த்ததுதான் தப்பு. ஒவ்வொரு சதுரமா பார்த்தா போதுமே! ரெண்டு நிறம் இருந்தா, எது அதிகமோ அதைப் போட்டுக்கலாம்."

கரித்துண்டால் தரையில் அதே கட்டங்களைப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நிறப்பொடி தூவினாள். பிறகு மயிலை அவிழ்த்துவிட்டாள். மயிலே பக்கத்தில் உட்கார்ந்து கட்டத்தைப் படித்துச் சொன்னது. "மூணு நீலம், ஒரு பச்சை, ரெண்டு பொன்..."

"மெதுவா சொல்லுய்யா, எனக்கு இருக்கிறது ரெண்டு கை!"

பத்தாம் நாள் சீலை தறியைவிட்டு இறங்கியது. கடைசி இறகும் அன்றுதான் விழுந்தது. வேலியில் விரித்துப் போட்ட சீலையை மயில் மூக்கு உரசப் பார்த்தது.

"ஏமாத்திட்டியேக்கா! என் கழுத்து வளைவு எங்கே? படிக்கட்டு மாதிரியில்ல இருக்கு!"

மாடத்தியும் குனிந்து பார்த்தாள். படிக்கட்டேதான். பிரித்து நெய்யவும் நேரமில்லை. பெண்மயில் ஐந்து குஞ்சுகளோடு வந்துகொண்டிருந்தது. வெட்கம் தாங்காமல் மயில் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

குஞ்சுகள் சீலையைக் கொத்திப் பார்த்தன. "வெறும் கட்டமா இருக்கும்மா" என்றன. அந்த நேரம் காற்றடித்துச் சீலை படபடத்தது. குஞ்சுகள் பயந்து பத்தடி ஓடி, திரும்பிப் பார்த்தன.

"அம்மா! அதுதான் அப்பாவா? எவ்வளவு அழகு!"

தள்ளி நின்று பார்த்தபோது கட்டமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, கழுத்து வளைந்து, தோகை விரிந்து, முழு மயில் நின்றது. அதற்குமேல் மயிலால் ஒளிந்திருக்க முடியவில்லை. மொட்டையாகவே வெளியே வந்தது. கடைக்குட்டி சீலையைப் பார்த்தது, மயிலைப் பார்த்தது.

"அப்பா, நாங்க பார்க்கணும்னுதான் தோகையைக் கழற்றி இங்கே மாட்டி வச்சிருக்கீங்களா?"

"ஆமாண்டா கண்ணு" என்றது மயில்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம்தான், படத்தைக் கட்டம் போட்டுப் பிரித்துக்கொண்டு நெய்வது. இன்றைக்கும் துணியில் இருக்கிற மயில் கிட்டே போனால் படிக்கட்டு, பத்தடி தள்ளி நின்றால் மயில்.