பதினாறு பிள்ளைகளுக்கு இடம் எங்கே?

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்ற தேசத்தை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார், இரண்டையும் சட்டம் என்பார். கோயிலை வலம்வருவதில் அவருக்கு அத்தனை பிரியம். அந்தப் பழக்கத்தில் எதையும் சுற்றி வந்துதான் அளப்பார். வயலோ, குளமோ, மாளிகையோ, கயிற்றைச் சுற்றிப் பிடித்து, "இது பெரிசு, இது சின்னது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ராஜா அளப்பதைப் பார்த்து நாடும் அப்படியே அளந்தது.

அரண்மனைக்கு எதிரில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஆவுடையம்மாள் முப்பத்தாறு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையும் உட்கார ஓலையில் முடைந்த சதுரத் தடுக்கு ஒன்று கொண்டுவரும். வரிசைக்கு ஆறு தடுக்கு, மொத்தம் ஆறு வரிசை. விரித்தால் கூடம் நிறைந்துவிடும். ஆவுடையம்மாள் வாசற்படியில் நின்றுதான் பாடம் நடத்துவாள். ராஜாவுக்கு அந்தப் பிள்ளைகள் என்றால் உயிர். தினமும் காலையில் அவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் சபைக்குப் போவார்.

இது அரண்மனை அதிகாரி பரமேட்டிக்குப் பொறுக்கவில்லை. அவர் ராத்திரியெல்லாம் யோசித்து எழுதிய புகழ்மாலையைக் கேட்கும்போது கொட்டாவி விடுகிற ராஜா, வாண்டுகளின் பாட்டுக்குத் தாளம் போடுகிறாரே! வயிறு எரிந்தது. "மகாராஜா, அந்த இடத்தை என் மயில்களுக்குக் கொடுங்கள். அதே அளவில் வேறு பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன்" என்றார்.

"அதே அளவா?"

"தங்கள் கயிற்றாலேயே அளந்து கொள்ளலாம்!"

ராஜா தலையாட்டிவிட்டார். பரமேட்டியும் மதிலோரமாக ஒரு கூடம் கட்டினார். ராஜாவின் கயிறு இம்மி பிசகாமல் அதைச் சுற்றி வந்தது. ஆனால் ஆவுடையம்மாள் உள்ளே போய்த் தடுக்கு விரித்துப் பார்த்தபோது அவளுக்குப் பகீரென்றது. நீளத்தில் பத்து, அகலத்தில் இரண்டே இரண்டு. இருபது பேர் உட்காரலாம். மீதிப் பதினாறு பேர்?

சபைக்கு ஓடினாள்.

"கயிறு பொய் சொல்லுமா அம்மா?" என்றார் ராஜா.

பரமேட்டி இளித்தார். "பிள்ளைகளை நெருக்கி உட்காரவைக்க இவளுக்குச் சாமர்த்தியம் இல்லை, மகாராஜா. இடம் போதாவிட்டால் பதினாறு பேரை வீட்டுக்கு அனுப்பட்டுமே!"

ஆவுடையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தப் பதினாறு பேர்? எந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, 'நீ நாளைக்கு வராதே' என்று சொல்வாள்? ஆனால் குரல் கலங்கவில்லை. "மகாராஜாவுக்குச் சாமர்த்தியம் உண்டல்லவா? நாளைக் காலையில் தாங்களே வந்து உட்காரவைத்துக் காட்டுங்கள். முப்பத்தாறு பேரும் உள்ளே அடங்கினால் நான் வேலையை விட்டுப் போகிறேன். அடங்காவிட்டால் நான் கேட்பதைத் தரவேண்டும்."

"பூ, இவ்வளவுதானே!" என்றார் ராஜா.

மறுநாள் ராஜா கிரீடத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். ஒரு தடுக்கை இப்படித் திருப்பினார், இன்னொன்றை அப்படித் தள்ளினார். மண்டியிட்டுத் தவழ்ந்துகூடப் பார்த்தார். இருபதுக்கு மேல் ஒன்றுகூட நுழையவில்லை. வெயிலில் பதினாறு பிள்ளைகள் தடுக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதென்ன மாயம்? கயிறு ஒன்றுதானே!" என்று ராஜா வேர்த்து வழிந்தார்.

ஆவுடையம்மாள் எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்துப்போனாள். தடுக்குகளை ஆறு ஆறாக ஆறு வரிசை விரித்தாள். "சுற்றுங்கள், மகாராஜா." கயிறு சரியாக இருந்தது. அவற்றில் பதினாறை எடுத்துவிட்டு, மீதியைப் பத்துப் பத்தாக இரண்டு வரிசை போட்டாள். மறுபடி சுற்றினார். அப்போதும் சரியாக இருந்தது! பிறகு பதினொரு தடுக்கை ஒற்றை வரிசையாக நீட்டினாள். அதற்கும் அதே கயிறு!

ராஜா கயிற்றையும் தடுக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். வெயிலில் நின்றவர்களில் பொடிசான தேனு என்ற சிறுமி சொன்னாள்: "கயிறு ஓரத்தைத்தானே தொடுது ராசா? உள்ளே எத்தனை பேருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தடுக்கு விரிச்சு எண்ணினாத்தான் தெரியும்."

ராஜா அவளை அப்படியே தூக்கிக்கொண்டார். "இத்தனை வருஷமாக வேலியை அளந்துவிட்டு வயலை அளந்ததாக நினைத்தேனே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு திரும்பினார். "பரமேட்டி, உமது வீட்டைக் கயிறு போட்டு அளந்து, பதினொரு தடுக்கு நீளம் ஒரு தடுக்கு அகலம் என்கிற கணக்கில் நீட்டிக் கட்டித் தரட்டுமா? சுற்றளவு குறையாது."

"ஐயோ மகாராஜா! புரண்டு படுக்கக்கூட இடம் இருக்காதே!"

"தெரிந்துதான் செய்தீரா?"

பரமேட்டி மெல்ல மதில் பக்கமாக நழுவப் பார்த்தார். பழைய கூடம் பிள்ளைகளுக்கே திரும்பக் கிடைத்தது; மதிலோரக் கூடம் அவருடைய மயில்களுக்குப் போனது. அவற்றுக்கு இருபது தடுக்கு இடம் தாராளம். வெயிலில் நின்ற ஒவ்வொரு பிள்ளையிடமும் போய் அவர் மன்னிப்பும் கேட்கவேண்டியிருந்தது. பதினாறாவது ஆளிடம் கேட்டபோது குரலில் கொஞ்சம் நிஜமும் இருந்தது.

"இப்போது உங்கள் வரத்தைக் கேளுங்கள் அம்மா" என்றார் ராஜா.

"பழைய கூடத்தில் ஒரே ஒரு வரிசை கூட்டிக் கட்டித் தாருங்கள். ஆறு தடுக்குக்கு இடம் கிடைக்கும். வாசலில் ஐந்து பிள்ளைகள் சேரக் காத்திருக்கிறார்கள்."

ராஜா விரலை மடக்கி எண்ணினார். "ஆறில் ஐந்து போனால் ஒன்று மிச்சமாயிற்றே. அது யாருக்கு?"

ஆவுடையம்மாள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். "அதற்கு உரியவர் தாமதமாக வரக்கூடாது, மகாராஜா. தடுக்கும் அவரே கொண்டுவரவேண்டும்."