மூச்சுவேர்களை அறுத்தவர்

“அந்தத் தீவுக்குப் போனா காலைப் பாத்து வை. அது மண்ணு இல்ல...”

மாமா இப்படித்தான் சொன்னதாக நல்லசிவத்துக்கு நினைவு. மண் இல்லையென்றால் வேறு என்ன என்றும் சொல்லியிருந்தார். அதுதான் மறந்துவிட்டது.

தீவு என்று பெயர்தான். கழிமுகத்தில், கண்டல் மரங்கள் வேரால் பிடித்துவைத்த சேறு. ஓதம் ஏறிக் கடல்நீர் உயர்ந்தால் அதன் முதுகு மட்டும் வெளியே தெரியும்.

அங்கே தனியாக இருந்தவர் வடிவாம்பாள். நல்லசிவத்தைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குரு குருதான்.

“அம்மா, மௌனத்தைத் தேடி வந்தேன். இங்க ஒரே சத்தம்.”

“நான் வாயே திறக்கறதில்லையே ஐயா.”

“நீங்க இல்லம்மா. சேறு. தண்ணி வத்தினதும் ஆரம்பிச்சுடுது. யாரோ கீழ படுத்து மூச்சு விடற மாதிரி. கண்ணை மூட முடியல.”

“பயமா?”

“எரிச்சல்.”

“அப்ப பயந்தான்” என்று சிரித்தார் வடிவாம்பாள்.

சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன மூச்சுவேர்கள். உள்ளே புதைந்த கூட்டம் ஒன்று கை நீட்டுவதுபோல. மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது என்று வடிவாம்பாள் முன்பே சொல்லியிருந்தார்.

நல்லசிவம் அதை உவமை என்று எடுத்துக்கொண்டார்.

குடிதண்ணீர் கொண்டுவரக் கரைக்குப் போன அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, அங்கேயே சில வாரம் தங்கும்படி ஆயிற்று.

நல்லசிவம் அரிவாளை எடுத்தார். தாம் தியானத்துக்கு உட்காரும் மரத்தடியில் தொடங்கி, கடலோரம் வரைக்கும் வேர்களை அறுத்துத் தள்ளினார். அறுபட்ட முனைகள் வட்டவட்டமாக, வெளுத்துப்போய், அவரையே பார்த்தன.

சத்தம் நின்றது.

அப்படியொரு அமைதி. நாள் போனதே தெரியவில்லை. காற்று இல்லாமலே பழுத்த இலைகள் மடியில் விழுந்தன. கொக்குகள் வந்து சுற்றிவிட்டு, உட்காராமல் போயின.

ஒரு மாலை அம்மாவின் படகு திரும்பியது. தீவைத் தொட்ட பிறகும் அவர் இறங்கவில்லை.

“யார் அங்க?”

“நான்தாம்மா, நல்லசிவம்.”

“உங்களைக் கேக்கல.”

எதுவும் அசையவில்லை.

அம்மா மெல்ல இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்ல அமைதி” என்றார்.

நல்லசிவம் பூரித்துப்போனார்.

“தேடினது கெடச்சுதா ஐயா?”

“கெடச்சுதும்மா.”

“அப்ப கண்ணை மூடுங்க.”

மூடினார். கொஞ்ச நேரத்தில் தொடை சில்லிட்டது. கண்ணைத் திறந்தால், மடியில் தண்ணீர்.

ஓதம் அந்த மரத்தடிவரை ஏறியதே இல்லை. வேர்களுக்கிடையே முட்டி மோதி, வழியிலேயே தளர்ந்துவிடும். இன்று அது ஒலியே இல்லாமல் வந்து மடியில் ஏறியிருந்தது. தூங்குகிறவனின் பாயை உருவுவதுபோல், அவருக்கு அடியிலிருந்த சேற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

“அம்மா, எழுந்திருங்க!”

“ஏன் ஐயா? சத்தம் ஏதாவது கேக்குதா?”

தண்ணீர் வடிந்தபோது, அவர் உட்கார்ந்திருந்த இடம் பள்ளமாகியிருந்தது. நல்லசிவம் மண்டியிட்டுச் சேற்றில் காதை வைத்தார். அந்த மூச்சு கேட்கவில்லை.

“எல்லா மரமும் போயிடுமாம்மா?”

“இந்த ஓரம் போகும். ஓரம் போனா நடு ஓரமாயிடும்.”

“நாத்து வெச்சா?”

“வைக்கலாம். வேர் பிடிக்கிற வரைக்கும் அலையை ஒடைக்க முன்னால கம்பு நடணும். வருஷக்கணக்கா பாத்துக்கணும்.”

“கம்பு வெட்டிட்டு வரவா?”

“எந்த மரத்துல?”



விடிந்ததும் நல்லசிவம், கரையிலிருந்து மூங்கில் கொண்டுவந்து கட்டியிருந்த தம் குடிலைக் கம்பு கம்பாகப் பிரிக்கத் தொடங்கினார்.