வாத்துக்கால் வழக்கு

முன்னொரு காலத்தில், மாமரம் எந்தக் கிளையில் காய்க்க வேண்டும் என்பதற்குக்கூட ஆணை போட்டுப் பார்க்க ஆசைப்படும் ராஜா ஒருவர் இருந்தார். அவர் சபையில் வைரவன் என்றொரு விகடன். செட்டித்தெருவில் பேரம் கேட்டே வளர்ந்தவன். எந்தச் சரக்கையும் புரட்டிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டான். அவன் வாய் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் பிரதானி சூரியப்பருக்கு வயிறு எரியும்.

ஒருநாள், அரண்மனைக்குப் பூக்கட்டும் செங்கமலம் தன் சின்ன மகள் மருதாயியைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தாள். தாலி ஏறாமல் பிறந்த குழந்தை. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை அரண்மனைக்கு அடிமை என்பது அந்நாட்டு வழக்கம். குழந்தையைக் கொண்டுபோகச் சேவகர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள் என்று அழுதாள். தகப்பன் யார் என்று ராஜா கேட்க, அவள் நேராகப் பிரதானியைக் காட்டினாள்.

"காலைப் பாருங்க மகாராஜா. எம்பொண்ணுக்கு நடுவிரலும் பக்கத்து விரலும் ஒட்டியிருக்கு. ஐயாவுக்கும் அப்படித்தான்."

பிரதானி பட்டுவேட்டியைத் தழைய விட்டுக்கொண்டார். "வாத்துக்கும்தான் விரல் ஒட்டியிருக்கிறது, மன்னா. ஊரிலுள்ள வாத்தெல்லாம் என் பிள்ளைகளா? சாயல் சாட்சி ஆகாது. கண்ணால் கண்டவர் வந்து சொல்லட்டும்."

ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. கண்ணால் கண்ட சாட்சி வந்து சொல்லாதவரை இந்நாட்டில் எவரையும் எவருடைய பிள்ளை என்றும் சொல்லக் கூடாது என்று அங்கேயே ஆணை போட்டார். வைரவன் குழந்தைக்காக ஏதோ சொல்ல வந்தான். பிரதானி முந்திக்கொண்டு, இந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை வைரவனிடமே கொடுக்க வேண்டும் என்றார். அந்தக் குழந்தையை அவன் கையாலேயே பிடித்துக்கொடுக்க வைப்பதில் அவருக்கு ஒரு குளிர்ச்சி.

"ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்று, வைரவா. காலையில் சபை கூடியதும் தொடங்கு" என்றார் ராஜா.

வைரவன் வீட்டுக்கு நடந்தபடியே, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அந்த ஆணையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். 'எவரையும்' என்ற இடத்தில் ராஜா அளவுக்கு மேல் தாராளமாகக் கிழித்துக் கொடுத்திருந்தார்.

அந்தச் சபையில் கட்டியக்காரன் 'இன்னாரின் மகன் இன்னார்' என்று கூவிய பிறகுதான் யாரும் ஆசனத்தில் உட்காரலாம். மறுநாள் காலை அவன் கூவ வாயெடுத்ததும் வைரவன் மேல்துண்டால் அந்த வாயைப் பொத்தினான். கண்ணால் கண்ட சாட்சி வந்து சொன்னால் கூவட்டும் என்றான். யாரும் வரவில்லை. தளபதி நின்றார், புலவர்கள் நின்றார்கள், கடைசியில் ராஜாவும் அரியணைக்கு முன்னால் நின்றார். அவருக்குக் கோபம் வரப் பார்த்தது. ஆனால் இது எங்கே போய் முடியும் என்று பார்க்கும் ஆவல் கோபத்தை முந்திக்கொண்டது.

வைரவன் ஒரு சாணக்கூடையைப் பிரதானியிடம் நீட்டினான். தகப்பன் பெயர் இல்லாதவர் அரண்மனை அடிமை. லாயத்தில் ஆள் குறைவு என்றான்.

"என் பெற்றோர் ஊரறியக் கல்யாணம் செய்தவர்கள்" என்று பிரதானி குமுறினார்.

"கல்யாணத்துக்கு ஊரே சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விருந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களே. அதற்குப் பிறகு நடந்ததை யார் பார்த்தது?"

சபையில் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார். பிரதானி கூடையைப் பார்த்தார், ஆசனத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிக் காலை முன்னே நீட்டினார். "என் தகப்பனார் காலைப் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். விரல் இப்படி ஒட்டியிருப்பது எங்கள் வம்சத்தில் மட்டும்தான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

"வேறு எந்தக் குடும்பத்திலும் கிடையாதா?"

"கிடையவே கிடையாது."

"வாத்தைத் தவிர" என்ற வைரவன், மருதாயியைக் கூப்பிட்டான். அவள் வந்து அந்தப் பெரிய காலுக்குப் பக்கத்தில் தன் சின்னக் காலை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, என்னுது மாதிரியே இருக்கு."

ராஜாவும் குனிந்து பார்த்தார். நிமிரும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சாயல் சாட்சி என்றால் இரண்டு கால்களுக்கும் சாட்சி, இல்லையென்றால் இருவருக்கும் கூடை. எது வேண்டும் என்று பிரதானியைக் கேட்டார்.

"என் மகள்தான்" என்று பிரதானி முணுமுணுத்தார்.

"பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை" என்றான் வைரவன்.

பிரதானி உரக்கச் சொன்னார். செங்கமலம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இனி எந்தச் சேவகனும் அந்தப் பிள்ளையைத் தொட முடியாது.

ராஜா ஆணையைத் திரும்பப் பெற்று, நின்று நின்று வலித்த காலோடு அரியணையில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். அந்த அடிமை வழக்கத்தையும் ஒழித்துவிட வேண்டும் என்று வைரவன் கேட்டான். மாலையா, அதுவா, ஏதாவது ஒன்றைக் கேள் என்றார் ராஜா.

"நாள்தோறும் வந்துபோகும் வாடிக்கைக்காரனிடம் இப்படிக் கறார் பேசலாமா, மன்னா?"

ராஜா வாய்விட்டுச் சிரித்து இரண்டையும் கொடுத்தார். வழக்கம் ஒழிந்தது என்று கட்டியக்காரன் தெருவெல்லாம் கூவப் போனான். வைரவன் முத்தைப் பல்லில் உரசிப் பார்த்து, அசல்தான் என்று தெரிந்த பிறகே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.