செம்பு வைத்த கம்ப்யூட்டர்

வெள்ளிங்கிரிக்குப் பொய் சொல்ல வராது. அதை அவரே சொல்வார். "எனக்குப் பொய் வராதுங்க, வந்தா வாய் குழறிப்போகும்" என்று அவர் ஆரம்பித்தால், கோயமுத்தூர் கணபதிப் பகுதியின் சத்தி ரோட்டு பேக்கரியில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு டீ சொல்லிவிடுவார்கள். இனிமேல் எழுந்து போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

கல்யாண வீடியோ எடிட்டிங் அவர் தொழில். ஆனால் அன்று சாயங்காலம் அவருக்கு வந்திருந்த சங்கடம் தொழில் சங்கடம் இல்லை. பக்கத்தில் மச்சான் மோகனசுந்தரம் உட்கார்ந்திருந்தார். மனைவி கனகமணியின் அண்ணன். காங்கேயத்தில் புது வீடு கட்டி, மறுநாள் விடியற்காலையில் பால் காய்ச்சுகிறார். அவர்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவர் அம்மா மாராத்தாளின் செம்பில்தான் கலசம் வைப்பார்கள். மாராத்தாள் என்று கழுத்தில் பெயர் வெட்டிய, கனமான செம்பு. கனகமணிக்குச் சீரோடு வந்தது. அதை வாங்கிப்போகத்தான் மச்சான் வந்திருக்கிறார். வீட்டில் கேட்டதற்கு கனகமணி, "அவருதாண்ணா எங்கியோ எடுத்து வெச்சாரு, பேக்கரில இருப்பாரு, கேளு" என்று அனுப்பிவிட்டாளாம்.

அவர் எடுத்து வைத்தது உண்மைதான். எங்கே வைத்தார் என்பதில்தான் வில்லங்கம். செம்பின் அடிப்பாகம் இப்போது அவருடைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

கதை இதுதான். வெயில் காலத்தில் வீடியோ வேலை ஓடும்போது கம்ப்யூட்டரின் பிராசசர் கொதித்து, மெஷின் தானாக அணைந்துவிடும். ஃபேன் மாற்றியும் ஆகவில்லை. பிராசசர் மேலே செம்பில் ஒரு சின்னப் பெட்டி செய்து பொருத்தி, அதற்குள் தண்ணீர் ஓடவிட்டால் சூடு அடங்கும், அதற்கு வாட்டர் பிளாக் என்று பெயர், வீட்டிலேயே செய்யலாம் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார். லேத்துப் பட்டறை குப்புராஜிடம் கேட்டார். "செம்பு கொண்டாங்கண்ணா, வெட்டித் தர்றேன்" என்றார் குப்புராஜ். அவர் சொன்னது உலோகத்தை. இவர் கொண்டுபோனது பாத்திரத்தை. வீட்டுக்காரருக்கு இல்லாத அக்கறை நமக்கு எதற்கு என்று குப்புராஜும் அடியை அறுத்துக் கொடுத்துவிட்டார்.

மிச்சச் செம்பைப் பரணில் பழைய பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தார் வெள்ளிங்கிரி. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கனகமணிக்கு அவள் அம்மா ஞாபகமாக இருந்தது அது ஒன்றுதான். நாளைக்கு அத்தனை ஒறம்பரை, சொந்தபந்தம் முன்னால் அது இல்லாமல் அவள் நிற்க வேண்டியிருக்கும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மச்சானுக்குப் பஸ் நேரம் வரும்வரை பேசியே ஓட்டுவது. அவர் கிளம்பியதும் டவுன்ஹால் பாத்திரக் கடைக்கு ஓடி, அதே மாதிரி ஒன்றை வாங்கிப் பெயரும் வெட்டிக்கொண்டு விடிவதற்குள் காங்கேயம் போய்விடுவது.

"செம்பு எங்கீங் மாப்ள?" என்றார் மோகனசுந்தரம், டீயை ஆற்றிக்கொண்டே.

"செம்புதானுங் மச்சான் எல்லாமே" என்று பிடித்துக்கொண்டார் வெள்ளிங்கிரி. "எனக்குப் பொய் வராதுங்க. செம்பு மட்டும் இல்லீன்னா இன்னைக்கு நானில்லை. என்ற கம்ப்யூட்டர் எப்படிச் சூடாவும் தெரியுங்களா? பின்னாடி வர்ற அனல்ல உங்க தங்கச்சி வடகம் காயப்போடுவா. காலையில போட்டா டீ குடிக்கறதுக்குள்ள எடுத்துர்லாம். ஒருநாள் அப்பளம் வெச்சா, பொரிஞ்சே வந்துருச்சு."

"எண்ணெய் இல்லாமயா?" என்றார் டீ மாஸ்டர் ராக்கியண்ணன்.

"எண்ணெய் என்ற தலையில இருந்து வடிஞ்சுதுங்க. முன்னாடி உட்கார்ந்திருந்தது நான்தானே. என்ற மண்டைக்கும் அந்த மெஷினுக்கும் ஒரே வித்தியாசந்தான். அது வேலை செஞ்சு சூடாவும்."

மச்சான் லேசாகச் சிரித்தார். வெள்ளிங்கிரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்பறம் நானே உட்கார்ந்து ஒரு பிளாக் செஞ்சனுங்க. செம்புல கோடு கோடா வாய்க்கால் வெட்டி. ஒவ்வொரு வாய்க்காலும் தலைமுடியை நாலா வகுந்தா ஒண்ணு எத்தனை இருக்குமோ அத்தனை. எறும்பு ஒண்ணு தண்ணி குடிக்க உள்ள போயி, திரும்ப இடமில்லாம ரிவர்ஸ்லயே வந்துச்சு."

எதிர் பெஞ்சில் பன் தின்றுகொண்டிருந்த குப்புராஜுக்குப் புரையேறியது. "வெட்டினது நானுங்கண்ணா. எதை வெட்டினேன்னும் சொல்லட்டுங்களா?"

"வெட்டினது நீ, யோசிச்சது நானு. பன்னைத் தின்னு" என்று அவசரமாக அடக்கினார் வெள்ளிங்கிரி. "கேளுங் மச்சான். தண்ணி ஓட்டறதுக்கு மீன் தொட்டி மோட்டார் போதும்னு போட்டிருந்தாங்க. ஊருக்கே மோட்டார் செஞ்சு தர்ற கோயமுத்தூர்ல பொறந்தவன் மீன் தொட்டி மோட்டார் வெச்சா வெளிய தலை காட்ட முடியுங்களா? கிணத்து மோட்டாரையே மாட்டிட்டேன். சுவிட்சைப் போட்டேன் பாருங்க, தண்ணி போன வேகத்துல கம்ப்யூட்டர் டேபிளை விட்டு எறங்கி, வாசப்படி தாண்டி, சத்தி ரோட்ல அன்னூர்ப் பக்கம் கெளம்பிருச்சு. நல்லவேளை சிக்னல் சிவப்புல இருந்துச்சு. அங்க நிக்கறப்ப மவுஸ் வயரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

"சிக்னலுக்கு நின்னுச்சா?"

"என்ற மெஷினுக்கு இருக்கற ஒழுக்கம் எனக்கு இல்லீங்க."

"சரி, செம்பு?" என்றார் மச்சான்.

"அதுக்குத்தானுங் வர்றேன். செம்பு நல்லா இருந்தாப் போதுமா? தண்ணியும் நல்லா இருக்கோணும். சிறுவாணித் தண்ணி ஊத்தினனுங்க."

"நம்ம ஏரியாவுக்கு ஏதுங்க சிறுவாணி? பில்லூர்த் தண்ணிதான வருது" என்றார் ராக்கியண்ணன்.

"அதனாலதான் குடத்தைத் தூக்கிட்டுப் பேரூர் போனேன். அந்தத் தண்ணி உள்ள போச்சோ இல்லியோ, அக்கினி நட்சத்திரத்துல ரூமுக்குள்ள பனி இறங்கிருச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்துல சாய்ஞ்சு ஒட்டிக்கிட்டாங்க, வெந்நீர் ஊத்தித்தான் பிரிச்சோம். வீடியோவுக்குள்ளயே குளிர் போயிருச்சுங்க. தாலி கட்டறப்ப மாப்பிள்ளைக்குக் கை கிடுகிடுன்னு நடுங்குது. பயந்துட்டான்னு பொண்ணு வீட்டுக்காரங்க சிரிக்கறாங்க. பாவம், அந்தப் பையனுக்குக் குளிருங்க."

"அப்ப என்ற பொண்ணு காதுகுத்து வீடியோ எப்பத்தானுங் வரும்?" என்று கேட்டார் ராக்கியண்ணன். "மாசில எடுத்தது."

"அது உறைஞ்சு போச்சுங்க. கொஞ்சம் இளகட்டும், தர்றேன்."

பேக்கரியே சிரித்தது. மச்சான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிங்கிரியும் பார்த்தார். இன்னும் கொஞ்சம்தான். இன்னும் ஒரே ஒரு புளுகு, நல்ல கனமானதாக இருந்தால் போதும்.

"குளிரைக்கூட விடுங் மச்சான், வேகத்தைக் கேளுங்க. முன்னெல்லாம் ஒரு கல்யாண வீடியோ முடிக்கறதுக்குள்ள அவங்களுக்குக் கொழந்தை பொறந்து, அதுவே வந்து வீடியோ கேக்கும். இப்ப? அவிநாசில ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னாடியே வீடியோ முடிஞ்சு போச்சு. மண்டப வாசல்ல வெச்சுப் பொண்ணோட அப்பாகிட்டக் கொடுத்துட்டேன். அவரு உட்கார்ந்து முழுசாப் பாத்தாருங்க. பந்தில சாம்பார்ல உப்பில்லைன்னு ஒறம்பரைக சண்டை போடறது அதுல வருது. உடனே சமையக்காரரைக் கூப்பிட்டு உப்புப் போட வெச்சுட்டாரு. என்ற கையைப் பிடிச்சுட்டு அழுதாரு மனுசன்."

குப்புராஜ் பன்னைக் கீழே வைத்தார். "உப்புப் போட்டுட்டா சண்டையே வந்திருக்காதே. அப்பறம் வீடியோவுல எப்படிங்க சண்டை?"

"அதை எடிட்டிங்ல தூக்கிட்டேன்."

சிரிப்பு அடங்கும்வரை மோகனசுந்தரம் பொறுமையாக இருந்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "நெம்ப சந்தோசமுங் மாப்ள" என்றார். "அப்ப நாளைக்கு என்ற வீட்டு விசேஷத்தையும் முடிச்சு வெச்சிருப்பீங்களாட்ட இருக்குது."

புளுகு ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் வெள்ளிங்கிரியால் பிரேக் போட முடியவில்லை. "நேத்தே முடிச்சாச்சுங்களே."

"நல்லதாப் போச்சு. கலசத்துக்கு எந்தச் செம்பு வெச்சிருக்குது?"

வெள்ளிங்கிரி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது வந்துங்க... கலசத்தை மறைச்சுட்டு ஆள் நிக்குதுங்க" என்றார் வெள்ளிங்கிரி.

"யாரு?"

"கனகமணி."

"அவ மூஞ்சி எப்படி இருக்குது மாப்ள?"

வெள்ளிங்கிரி வாயைத் திறந்தார். நல்ல பட்டுச்சேலை, முகமெல்லாம் சிரிப்பு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் புது வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவில், வேறு செம்பைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்பது அவருக்கு அப்படியே தெரிந்தது. "அவ... அது... ந-நல்லா..." என்று வாய் குழறியது. அவர் வாய் குழறி அந்த பேக்கரியில் யாரும் பார்த்ததில்லை. டீயைக் குடிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

மோகனசுந்தரம் காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். உள்ளிருந்து மாராத்தாளின் செம்பு வெளியே வந்தது. அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து, அதன் வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபக்கத்திலிருந்து மச்சானின் ஒரு கண் வெள்ளிங்கிரிக்குத் தெரிந்தது.

"மத்தியானமே பாத்துட்டா" என்றார் மச்சான். "வடகப் பானையை எடுக்கப் பரண்ல ஏறியிருக்கா."

"அழுதாளுங்களா?"

"அழுதா. அப்பறம், 'நீ போயிக் கேளுண்ணா, என்ன புளுகறாருன்னு பாத்துட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லு'ன்னு அனுப்பிச்சா. சொல்றப்பச் சிரிச்சாளாட்டத்தான் இருந்துச்சு."

வெள்ளிங்கிரிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. குப்புராஜ் எழுந்து வந்து செம்பை வாங்கி, அறுத்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. அந்த அடியைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க, இப்பவே பத்த வெச்சுத் தர்றேன். பஸ் நேரத்துக்குள்ள ஆயிரும்."

"சேச்சே, எதுக்குங்க?" என்றார் மோகனசுந்தரம். "சிக்னலுக்கு நிக்கற மெஷின். முகூர்த்தத்துக்கு முன்னாடி வீடியோ கொடுக்கற மெஷின். அதைப் போயிப் பிரிப்பாங்களா? மாப்ள, காலையில அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வந்துருங்க. செம்பு இருக்குது. தண்ணி இருக்குது, அதுவும் சிறுவாணி. நூல் சுத்தினாப்பல தண்ணி போற டியூப்பும் இருக்குது. மேல மாவிலையைச் சொருகி ஒரு தேங்காயை வெச்சா அதுவே கலசம். ஐயர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ராக்கியண்ணன் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வெள்ளிங்கிரி மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங் மச்சான்" என்றார் மெதுவாக. "கழட்டியே கொண்டாந்தர்றேன்."

"ஏனுங்?"

"அது ஒழுகுதுங்க."